ரஃபேல் ஒன்று, தேஜஸ் நான்கு, உதவித்தொகை எத்தனை?

பெரம்பலூரில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன முறை அம்பேத்கரை வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. பதினோரு பேர் வந்திருந்தார்கள். வாசிப்பு தொடங்குவதற்கு முன்பே இரண்டு தம்பிகளுக்குள் வாக்குவாதம். ஒருவர் ரஃபேல்தான் பெரிது என்கிறார். இன்னொருவர் சீனாவின் ஜே-10சி அதை வீழ்த்திவிட்டது என்று கைப்பேசியில் காணொளி காட்டுகிறார். திருமானூர் பக்கத்திலிருந்து வந்த மாணவர் நடுவில் புகுந்தார். "அண்ணே, எங்க ஊருக்கு மேல சுகோய் போனா ஓட்டுவீடு அதிரும், தெரியுமா?" என்றார். கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர். அங்குள்ள விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 படைப்பிரிவு ஒன்று, பிரம்மோஸ் ஏவுகணையோடு நிற்கிறது. அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை.

எங்களில் சிலருக்கு எரிச்சல் வந்தது உண்மை. சேரிப் பிள்ளைகள் போர் விமானம் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று ஒரு தோழர் முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. வரவு செலவுத் திட்டத்தில் ஆகப் பெரிய தொகைகளில் ஒன்று எங்கே போகிறது என்று நம் பிள்ளைகள் பேசக்கூடாதா? அது யாருடைய பேச்சு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்? அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு சார்ட் தாளை விரித்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் விலை. போர் விமானத்துக்கு ஒரு விலை கிடையாது, மூன்று விலை உண்டு. வெறும் விமானத்தின் விலை ஒன்று. அதோடு ஏவுகணை, உதிரி பாகம், பயிற்சி, தளத்தில் கட்ட வேண்டிய கட்டடம், நம் நாட்டுக்கென்று கேட்டுச் செய்த மாற்றம் எல்லாம் சேர்ந்த ஒப்பந்த விலை இரண்டாவது. முப்பது நாற்பது ஆண்டுகள் பறக்க வைக்க ஆகும் செலவு மூன்றாவது. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் முதல் விலையைச் சொல்வார், எதிரே இருப்பவர் இரண்டாவதைச் சொல்வார். இருவருமே மற்றவர் பொய் சொல்கிறார் என்பார்கள். மூன்றாவது விலை பெரும்பாலும் பேச்சிலேயே வராது.

2016 செப்டம்பர் 23 அன்று ஒன்றிய அரசு பிரான்சு அரசோடு 36 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. மொத்தம் 787 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 58,000 முதல் 59,000 கோடி ரூபாய். தலைக்கு வகுத்தால் ஒரு விமானம் 1,600 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் அப்போது வந்த செய்திகளின்படி வெறும் விமானங்களுக்கான பங்கு இந்தத் தொகையில் பாதியைக்கூடத் தொடவில்லை. மீதி மற்றவற்றுக்கு. 2025 ஏப்ரல் 28 அன்று கடற்படைக்காக 26 ரஃபேல், சுமார் 63,000 கோடி ரூபாய். தலைக்கு 2,400 கோடியைத் தாண்டுகிறது. அதே ரஃபேல் குடும்பம்தான். விமானம் தாங்கிக் கப்பலில் இறங்குவதற்கு ஏற்ற வகை என்பதாலும், ஆண்டுகள் கடந்துவிட்டதாலும், ஒப்பந்தத்துக்குள் எதையெல்லாம் சேர்க்கிறார்கள் என்பதாலும் தொகை இவ்வளவு மாறுகிறது.

சுகோய்-30 எம்கேஐ விமானத்தை ரஷ்ய உரிமத்தின் பேரில் நாசிக்கில் எச்ஏஎல் செய்கிறது. 2024 டிசம்பரில் 12 விமானங்களுக்கு வரிகளோடு சேர்த்து சுமார் 13,500 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. தலைக்கு 1,125 கோடி. தேஜஸ் மார்க்-1ஏ, 2021 பிப்ரவரியில் 83 விமானங்கள், சுமார் 47,000 கோடி. அப்போதைய எச்ஏஎல் தலைவர், இதில் வெறும் விமானங்களுக்கு ஏறத்தாழ 25,000 கோடிதான், ஒரு போர் விமானம் 309 கோடி என்று விளக்கினார். மூன்று விலைக் கதை இங்கேயும் இருக்கிறது, பாருங்கள். 2025 செப்டம்பரில் இன்னும் 97 தேஜஸ், வரி நீங்கலாக 62,370 கோடி. தலைக்கு 643 கோடி.

ஆக ஒப்பந்த விலையை வைத்துப் பார்த்தால் கடற்படைக்கான ஒரு ரஃபேலின் பணத்தில் ஏறத்தாழ நான்கு தேஜஸ் வாங்கலாம். தாளில் இதை எழுதியவுடன், "அப்ப நாலு தேஜஸே வாங்கிடலாமே" என்றார் ஒரு தங்கை. நல்ல கேள்விதான். பதில் அவ்வளவு சுலபமில்லை.

ரஃபேலில் இரட்டை எஞ்சின். இறக்கைக்கும் வயிற்றுக்கும் கீழே 9.5 டன் வரை சுமக்கும். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் எதிரி விமானத்தை அடிக்கும் மீட்டியர் ஏவுகணையும், முந்நூறு கிலோமீட்டர் வட்டத்தில் தரை இலக்கைத் தாக்கும் ஸ்கால்ப் ஏவுகணையும் அதில் பொருத்தலாம். சுகோயும் இரட்டை எஞ்சின்தான். இன்னும் பெரிய உடம்பு, எட்டு டன் சுமை, நெடுந்தூரம் போகும். ஆனால் பெரிய உடம்பு ராடாரில் பெரிதாகத் தெரியும். தேஜஸ் ஒற்றை எஞ்சின் கொண்ட இலகு விமானம். சுமையும் போகும் தூரமும் குறைவு. எல்லையைக் காவல் காக்க, அழைத்தவுடன் மேலே ஏற, பழைய மிக்-21 செய்த வேலையைச் செய்ய வந்தது அது. நான்கு தேஜஸுக்கு நான்கு விமானிகள் வேண்டும், நான்கு பராமரிப்புக் குழுக்கள் வேண்டும். இன்னொன்று, அந்த எஞ்சின் நம்முடையது அல்ல. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திலிருந்து வர வேண்டும். எஞ்சின் தாமதத்தால் 2024 மார்ச்சில் தொடங்க வேண்டிய ஒப்படைப்பு 2025 ஆண்டு முடியும் வரை தொடங்கவில்லை. இதற்கிடையில் 2025 செப்டம்பர் 26 அன்று கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய விமானப்படை 29-க்கு இறங்கிவிட்டது. நான்கு மலிவு, ஒன்று விலை அதிகம் என்ற கணக்கு, அந்த நான்கும் கையில் வந்தால்தான் கணக்கு.

ஜே-10சி வாக்குவாதத்துக்கு வருவோம். 2025 மே மாதச் சண்டையில் ரஃபேல் உள்ளிட்ட இந்திய விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொன்னது. இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில், இழப்பு ஏற்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. எத்தனை விழுந்தன என்பதைவிட ஏன் விழுந்தன என்பதே முக்கியம் என்றார். அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதில் ஒரு பாடம் உண்டு. இன்றைய வான்போரில் விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்ப்பதே அரிது. தொலைவில் பறக்கும் ராடார் விமானம் இலக்கைக் காண்கிறது, தகவல் இணைப்பு வழியாகச் சொல்கிறது, நெடுந்தூர ஏவுகணை கிளம்புகிறது. இந்தச் சங்கிலியில் போர் விமானம் ஒரு கண்ணி. ஆகவே "எந்த விமானம் பெரியது" என்று கபடி வீரர்களை ஒப்பிடுவதுபோல ஒப்பிடும் காணொளிகளில் எங்களுக்கு மரியாதை இல்லை. தம்பிகள் இருவரும் மன்னிக்க வேண்டும்.

அமெரிக்காவின் எஃப்-35 பற்றியும் பேச்சு வந்தது. ராடாரில் எளிதில் சிக்காத விமானம், இன்றைக்கு உலகில் விற்பனையில் இருப்பதில் முன்னணியில் நிற்பது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் இதை இந்தியாவுக்கு விற்கவும் வழி திறப்பதாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 14 அன்று பிரிட்டன் கடற்படையின் எஃப்-35பி ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. கோளாறு சரியாகி அது மறுபடி கிளம்ப ஜூலை 22 ஆகிவிட்டது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டுச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் பிரிட்டனிலிருந்து பொறியாளர் குழுவே வந்துதான் அதைக் கிளப்ப முடிந்தது என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது விலை என்று சொன்னோமே, அதன் முகம் இதுதான். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே எஃப்-35 திட்டத்தின் வாழ்நாள் செலவு இரண்டு லட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்கிறது. அதில் பெரும்பங்கு வாங்குவதற்கு அல்ல, பறக்க வைப்பதற்கு.

அங்கே தணிக்கை அமைப்பு தொகையை வெளியில் சொல்கிறது. இங்கே 2019 பிப்ரவரியில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ரஃபேல் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது விலைகளின் மேல் கறுப்புப் பட்டை. 2007-இல் வந்த பழைய விலைப்புள்ளியைவிட 2.86 விழுக்காடு குறைவு என்று மட்டும் தெரிந்தது. எதைவிட எது குறைவு என்ற எண்கள் மறைவில். ரேஷன் கடையில் அரைக் கிலோ சர்க்கரைக்குக் கைரேகை கேட்கும் அரசு இது.

இப்போது அன்றைக்கு வாசிக்க வேண்டியிருந்த பக்கத்துக்கு வருகிறோம். 1951 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் நேரு அமைச்சரவையிலிருந்து விலகியபோது வெளியிட்ட அறிக்கை. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக விலகினார் என்று மட்டும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே அறிக்கையில் பட்டியலினத்தவர் மீதான புறக்கணிப்பைப் பேசுகிறார், வெளியுறவுக் கொள்கையையும் பேசுகிறார். ஆண்டுக்கு 350 கோடி ரூபாய் வருவாயில் 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது, இவ்வளவு பெரிய செலவுக்கு வேறெங்கும் இணையில்லை, நம்முடைய வெளியுறவுக் கொள்கைதான் இதற்குக் காரணம் என்கிறார். இதைச் சொன்னவர் இராணுவ எதிர்ப்பாளர் அல்ல. வைசிராய் காலத்தில் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தவர், மகர் படைப்பிரிவு மீண்டும் உருவாகக் குரல் கொடுத்தவர். படையில் சேர்வது தீண்டப்படாத மக்களுக்குக் கௌரவமும் கூலியும் கல்வியும் கொடுத்ததைத் தன் தந்தையின் வாழ்க்கையிலேயே பார்த்தவர். இங்கே மதராஸ் சேப்பர்ஸில் பறையர்கள் பெருந்தொகையாக இருந்த வரலாறும் அதுதான். அவர் கேட்டது படை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எதற்காக, எவ்வளவு, யாருடைய பங்கிலிருந்து என்று கேட்டார்.

யாருடைய பங்கிலிருந்து என்ற கேள்வியை வைத்துக்கொண்டு சார்ட் தாளின் வலப்பக்கத்தை நிரப்பினோம்.

2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை பட்டியலின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை மாற்றியமைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு, நாடு முழுக்க நான்கு கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு, மொத்தம் 59,048 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடி, மீதி மாநிலங்கள் தர வேண்டியது. இந்த 59,048 என்ற எண்ணை எழுதியதும் அறை அமைதியாகிவிட்டது. 36 ரஃபேலின் ஒப்பந்தத் தொகையும் கிட்டத்தட்ட அதேதான். முப்பத்தாறு விமானங்கள் ஒரு பக்கம், நான்கு கோடிப் பிள்ளைகளின் ஐந்தாண்டுப் படிப்பு ஒரு பக்கம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் சமூக நீதி, அதிகாரமளித்தல் துறைக்கு 13,611 கோடி. டிசம்பரில் வாங்கிய 12 சுகோயின் விலை 13,500 கோடி என்று மேலே எழுதியிருக்கிறோம். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களை இயந்திரத்துக்கு மாற்றுவதற்கான நமஸ்தே திட்டத்துக்கு 2023-24 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 350 கோடி. கடற்படைக்கான ஒரு ரஃபேலின் ஒப்பந்த விலையில் ஏழில் ஒரு பங்கு. 2025-26 பாதுகாப்பு ஒதுக்கீடு 6.81 லட்சம் கோடி.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக்கே ஒரு எச்சரிக்கை. ஒரு விமானத்தை வாங்காவிட்டால் அந்தப் பணம் நேரே நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடாது. ரஃபேல் வாங்காத ஆண்டுகளிலும் உதவித்தொகை நிலுவையில்தான் கிடந்தது. 2020-க்கு முந்தைய முறையில் செலவின் பெரும்பகுதியை மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டு ஒன்றிய அரசு கையைக் கழுவியது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆயிரம் கோடிக்கு மேல் நிலுவை ஏறி, முதலமைச்சர்கள் பிரதமருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆகவே "ஒரு ரஃபேலுக்கு இத்தனை பள்ளிக்கூடம்" என்று படம் போட்டுப் பகிர்ந்துவிட்டு ஓய்ந்துவிடுவதில் பயனில்லை. எங்களை உறுத்துவது வேறு. விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானதும் முன்பணம் போகிறது. பிறகு கட்டம் கட்டமாக, தேதி தவறாமல். நம் பிள்ளைகளுக்கு மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்த பிறகு, சான்றிதழ் சரிபார்த்த பிறகு, ஆதார் இணைந்த பிறகு, ஒன்றியத்தின் 60 விழுக்காடு வரும். வட்டத்தில் வந்திருந்த ஒரு தங்கையின் அம்மா சின்ன வெங்காயக் காட்டில் களையெடுக்கிறார். பணம் வந்தால்தான் ஹால்டிக்கெட் என்று போன பருவத்தில் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். உதவித்தொகை வந்தபோது வட்டியே அதில் ஒரு பங்கைத் தின்றிருந்தது. பிரான்சு கம்பெனிக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

இன்னொரு விஷயம், இது அதிகம் பேசப்படாதது. பட்டியலின மக்கள்தொகைக்கு ஏற்ப அமைச்சகங்கள் நிதி ஒதுக்க வேண்டும் என்ற துணைத்திட்ட முறை இருக்கிறதல்லவா, பாதுகாப்பு அமைச்சகம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒதுக்கீட்டில் பெரிய அமைச்சகங்களில் ஒன்று கணக்குக்கு வெளியே நிற்கிறது. சரி, நேரடி நிதி வேண்டாம், வேலை கிடைக்கிறதா? எச்ஏஎல் பொதுத்துறை, அங்கே இடஒதுக்கீடு உண்டு. ரஃபேல் ஒப்பந்தத்தில் தொகையின் பாதியை இந்தியாவில் முதலீடாகவும் கொள்முதலாகவும் திருப்ப வேண்டும் என்ற ஈட்டு நிபந்தனை இருந்தது. அது பெரும்பாலும் தனியார் கம்பெனிகள் வழியாகப் போவது, அங்கே இடஒதுக்கீடு கிடையாது. அடுத்த தலைமுறை விமானமான ஆம்காவைச் செய்யத் தனியாரும் போட்டியிடலாம் என்று 2025 மே மாதத்தில் முடிவு செய்தார்கள். 97 தேஜஸ் ஒப்பந்தத்தில் 105 இந்தியக் கம்பெனிகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 11,750 வேலைகள் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அதில் யாருக்கு எத்தனை என்று ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி. பெரம்பலூருக்குத் திருச்சி பக்கம்தான், பேருந்தில் ஏறினால் போய்விடலாம். பயிற்சியும் சான்றிதழும் இருந்தால். அரியலூருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், ஓடுபாதைக்கு சிமெண்ட் போயிருக்கும் என்று சிரிக்கத்தான் தோன்றுகிறது.

பெரம்பலூர் மாவட்ட மக்களில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 31 விழுக்காடு பட்டியலினத்தவர், அரியலூரில் சுமார் 23. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத ஆறு தமிழ்நாட்டு மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. அரியலூருக்கு 2022 ஜனவரியில் ஒன்று வந்தது. அப்போது ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 4,000 கோடி என்றார்கள். கல்லூரிக்கு 365 கோடி வைத்துக்கொள்ளுங்கள்.

அரியலூர்க் கல்லூரியின் கலையரங்கத்துக்கு அனிதாவின் பெயர். குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176. நீட் தேர்வு அவரை வெளியே நிறுத்தியது. உச்சநீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேர் மறந்துவிட்ட ஒரு துணுக்கு உண்டு. பொறியியலில் அவருடைய கட்-ஆஃப் 199.75. சென்னை எம்ஐடியில் விமானப் பொறியியல் படிக்க அவருக்கு இடம் கிடைத்ததாக அப்போது செய்திகள் வந்தன. அப்துல் கலாம் படித்த அதே துறை. அவர் மருத்துவராகத்தான் விரும்பினார், அது அவருடைய உரிமை. ஆனால் சேரிப் பிள்ளைகளுக்குப் போர் விமானம் எதற்கு என்று முணுமுணுத்த அந்தத் தோழருக்கு, அதாவது எங்களுக்கே, இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கூட்டம் முடியும்போது சார்ட் தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன. விமானம், எஞ்சின், சுமை, ஒப்பந்த விலை, கடைசியில் திருமானூர் தம்பி தானாகவே சேர்த்த ஒரு கட்டம். "நம்ம ஆளுங்க எத்தனை பேர்" என்று தலைப்பு எழுதியிருந்தார். ஐந்து விமானத்துக்கும் நேராக அது காலியாகவே இருந்தது.

அதை நிரப்ப ஒரு தகவல் உரிமை மனு எழுதியிருக்கிறோம். தேஜஸ், சுகோய் உற்பத்திப் பிரிவுகளில் நிரந்தரப் பணியாளர் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை, பட்டியலினத்தவர் எந்தெந்தப் பிரிவில் எத்தனை, நிரப்பாமல் கிடக்கும் இடம் எத்தனை. எச்ஏஎல் ஒன்றியப் பொதுத்துறை என்பதால் இணையவழியிலேயே மனு போடலாம், கட்டணம் 10 ரூபாய். தொழில் வழித்தடத்துக்கான மனு மாநில அரசுக்குத் தனியாகப் போக வேண்டும். அதை எழுதும் பொறுப்பை ஹால்டிக்கெட்டுக்கு வட்டி கட்டிய தங்கை எடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு வரும்போது எல்லோரும் நகல் கொண்டு வாருங்கள் தோழர்களே, 1951 அறிக்கையின் மீதிப் பக்கங்களும் பாக்கி இருக்கின்றன.